ஒன்பதாம் எண்ணும் ஒன்பதாம் இடமும்

கொல்கத்தா மைதானில் முன்கள வீரரை மாற்றும் வழக்கம் குறித்துச் சில கேள்விகள்

வங்காளப் புத்தாண்டு நாளில், அதாவது நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் பொய்லா பைசாக்கில், காளிகாட் கோயில் வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை நீண்டுவிடும். வியாபாரிகள் சிவப்பு அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். பழைய கணக்கை மூடிவிட்டு, அம்மன் பாதத்தில் வைத்தெடுத்த புத்தகத்தில் புதுக் கணக்கைத் தொடங்குவது வழக்கம். இதை 'ஹால்காத்தா' என்பார்கள். காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் மைதான். அங்கே அதே காலையில் கால்பந்துக் கழகங்கள் 'பார் பூஜை' நடத்துகின்றன. கோல் கம்பத்துக்கு மாலை போட்டு, குங்குமம் இட்டு, புரோகிதரை வைத்து மந்திரம் சொல்கிறார்கள். வரும் பருவத்தில் எதிரியின் கம்பத்துக்குள் பந்து போக வேண்டும், நம் கம்பத்துக்குள் வரக் கூடாது என்பது வேண்டுதல்.

இரண்டு சடங்குகளுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: பழைய பாக்கியைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். மைதான் கழகங்கள் இந்த நம்பிக்கையைச் சடங்கோடு நிறுத்திக்கொள்வதில்லை. கோல் வறட்சி வந்தால் முன்களத்தில் நிற்கும் ஒன்பதாம் எண் சட்டைக்காரர் வெளியேறுவார், சில நாட்களில் வேறொரு நாட்டிலிருந்து வேறொருவர் விமானம் இறங்குவார். ரசிகர்கள் மாலையோடு காத்திருப்பார்கள். காளிகாட்டில் ஆட்டுப் பலி இன்றும் உண்டு என்பதை இங்கே நினைவுபடுத்துவது குறும்பாகப் படலாம். ஆனாலும் ஒப்புமை முற்றிலும் பொருந்தாததில்லை.

தடுமாறும் கோலடிப்பவரை மாற்றுவதால் அணியின் நிலை உண்மையில் மாறுகிறதா? இக்கட்டுரை கேட்பது இதை மட்டுமே. சான்றுகளைப் பெரும்பாலும் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் அண்மைப் பருவங்களிலிருந்து எடுக்கிறேன். அக்கழகத்தின் மேல் தனிப்பட்ட குறை எதுவும் எனக்கில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப உட்கொண்ட நோயாளியின் குறிப்பேடு கையில் கிடைத்தால் மருத்துவன் அதைத்தான் முதலில் புரட்டுவான்.

1. நீக்கத்தில் பிறந்த கழகம்

ஈஸ்ட் பெங்காலின் பிறப்பே ஓர் ஆட்டக்காரரை நீக்கியதால் நேர்ந்தது என்பது மைதானின் பழங்கதை. 1920 ஜூலை 28 அன்று ஜோராபாகான் அணி மோகன் பகானோடு மோதியது. அன்று ஆடவேண்டிய சைலேஷ் போஸ் என்ற வீரரை ஜோராபாகான் அணியில் சேர்க்கவில்லை. கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி எதிர்ப்புத் தெரிவித்தார், பலனில்லை, விலகினார். ஆகஸ்ட் 1 அன்று புதுக் கழகம் பிறந்தது. சைலேஷ் போஸ் கிழக்கு வங்காளத்தார் என்பதே நீக்கத்துக்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். மேற்கு வங்காளத்தாருக்கும் கிழக்கு வங்காளத்தாருக்கும் இடையிலான பிற்காலத்து 'கோட்டி–பாங்கால்' பகையை 1920க்குள் திருப்பி வாசிக்கும் ஆபத்து இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சரியாக ஆடவில்லை என்று தேர்வாளர்கள் நினைத்திருக்கலாம். அப்படியானால் ஒரு சாதாரணத் தேர்வு முடிவு இனப் பெருமையின் காவியமாகிவிட்டது என்று பொருள்.

எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று நிற்கிறது: மைதானில் ஆட்டக்காரரை நீக்குவது ஆட்டத்தோடு முடியும் செய்தி கிடையாது. அதில் ஊர், இனம், மானம், நிர்வாகிகளின் தன்முனைப்பு எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. 'தல் பதல்' எனப்படும் அணி மாறும் காலத்தில் ஆட்டக்காரர்களை எதிர்க் கழகம் கொத்திக்கொண்டு போகாமலிருக்க ரகசிய வீடுகளில் மறைத்து வைத்த கதைகள் கொல்கத்தாவில் ஏராளம். வருபவருக்கு ஊர்வலம், போகிறவருக்கு வசவு. இந்த நாடகம் இன்று விமான நிலையத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே.

இதற்கு நேரெதிரான நினைவொன்றையும் மைதான் போற்றி வைத்திருக்கிறது. அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரை 'பஞ்ச பாண்டவர்' என்பார்கள். ஐவரும் தெற்கிலிருந்து போனவர்கள். நடுவில் நின்று கோலடித்த தன்ராஜும் அகமது கானும் பெங்களூர்க்காரர்கள். 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை ஈஸ்ட் பெங்கால் வென்றது இவர்கள் காலத்தில். ரசிகர் நினைவில் இவர்கள் ஐந்து தனித் திறமைகளாகப் பதிந்திருக்கிறார்கள். எனக்கு இவர்களிடம் முக்கியமாகப் படுவது வேறு. ஒரே ஐவர் ஒரே வரிசையில் பருவம் பருவமாகச் சேர்ந்து ஆடினார்கள். பந்து எங்கே வரும் என்று தன்ராஜ் யோசிக்க வேண்டியதில்லை.

2. மூன்று பருவம், ஒரே இடம்

இந்தியன் சூப்பர் லீகின் (ஐ.எஸ்.எல்.) 2022–23 பருவத்தில் ஈஸ்ட் பெங்காலின் பிரேசில்காரர் கிளெய்ட்டன் சில்வா 12 கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தில் தொடரிலேயே அதிகக் கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். மோகன் பகானின் திமித்ரி பெட்ராடோஸ், ஒடிசாவின் தியேகோ மௌரிசியோ இருவரும் அதே 12. அணியின் மொத்தக் கோல்களில் பாதிக்கு மேல் கிளெய்ட்டனுடையவை. அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் முடித்த இடம் பதினோரு அணிகளில் ஒன்பது. வாங்கிய கோல்கள் 38.

இங்கேயே கேள்வியின் பாதி தீர்ந்துவிடுகிறது. தொடரின் உச்சக் கோலடிப்பாளர் கையில் இருந்தும் ஓர் அணி ஒன்பதாம் இடத்தில் முடித்தால், நோய் முன்களத்தில் இல்லை.

அடுத்த பருவத்துக்குக் கார்லெஸ் குவாத்ராத் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் ஹாவியர் சிவேரியோ, போர்ஹா ஹெரேரா முதலியோரும் வந்தார்கள். லீகில் கோல் வரவில்லை. சிவேரியோவின் மேல் ரசிகர் கோபம் திரும்பியது. இதற்கிடையில் 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. 19ஆம் தேதி மோகன் பகானை 3–1 என வென்றார்கள். அரையிறுதியில் ஜாம்ஷெட்பூருக்கு எதிராகச் சிவேரியோவே ஒரு கோல் போட்டார். 28ஆம் தேதி இறுதியில் ஒடிசாவை 3–2 என வென்று 12 ஆண்டுக்குப் பின் தேசிய அளவில் கோப்பை எடுத்தார்கள். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல் கிளெய்ட்டனுடையது.

கோப்பை வந்த கையோடு சிவேரியோவும் போர்ஹாவும் வெளியேறினார்கள். சிவேரியோ போனது, சில நாள் முன்பு அவர் கோல் போட்ட அதே ஜாம்ஷெட்பூருக்கு. போர்ஹா கோவாவுக்கு. பதிலாகப் பார்சிலோனாவில் வளர்ந்த விக்டர் வாஸ்கெஸும், கோஸ்டாரிக்காவின் பெலிசியோ பிரௌன் ஃபோர்ப்ஸும் வந்தார்கள். பருவம் முடிந்தபோது ஈஸ்ட் பெங்கால் 24 புள்ளிகளோடு பன்னிரண்டு அணிகளில் ஒன்பதாம் இடம்.

மூன்றாம் பருவத்துக்கு அரைகுறையாக எதையும் செய்யவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸுக்காக 13 கோல் அடித்து 2023–24இன் தங்கக் காலணியை வென்ற கிரேக்கர் திமித்ரியோஸ் தியமந்தகோஸையே கொண்டுவந்தார்கள். லீகின் முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவது தோல்வியோடு குவாத்ராத் போய்விட்டார். அந்த மூன்றாவது தோல்வியை விளைவித்தது யார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: 2024 செப்டம்பர் 27 அன்று சால்ட் லேக் அரங்கில் கோவா 3–2 என வென்றது. மூன்று கோலும் போர்ஹா ஹெரேரா. எட்டு மாதம் முன்பு வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். தியமந்தகோஸ் கேரளத்தில் அடித்ததில் பாதியைக்கூட லீகில் எட்டவில்லை. 2025 தொடக்கத்தில் கிளெய்ட்டனும் விடைபெற, கேமரூனின் ரஃபேல் மெஸ்ஸி பூலி வந்தார். பதின்மூன்று அணிகளில் ஈஸ்ட் பெங்கால் முடித்த இடம் மீண்டும் ஒன்பது.

சிவேரியோ என்ன ஆனார்? 2025 ஏப்ரலில் ஜாம்ஷெட்பூர் லீகின் அரையிறுதியில் மோகன் பகானை முதல் சுற்றில் 2–1 என வென்றது. அதில் முதல் கோல் அவருடையது. போர்ஹா மே மாதம் சூப்பர் கோப்பை இறுதியில் கோவாவுக்காக இரண்டு கோல் போட்டுக் கோப்பையை வாங்கித் தந்தார். ஒரு கழகத்தில் கால் விளங்காமல் போனவர்களுக்கு வேறு கழகத்தில் கால் விளங்கியது. கால் அதே கால்தான்.

3. எதிர்த் தரப்பின் சான்று

ஒரு கழகத்தின் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது நியாயமான ஆட்சேபணை. வலுவான எதிர்ச் சான்று எதிர்க் கரையிலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்காலின் உள்ளூர் எதிரியான மோகன் பகானும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. பயிற்சியாளர் ஹுவான் ஃபெரான்டோவை நீக்கி அன்டோனியோ ஹபாஸைக் கொண்டுவந்தார்கள். ஹுகோ பூமோஸை ஒதுக்கி, காயத்திலிருந்து மீண்ட பின்லாந்தின் ஜோனி கௌகோவைப் பதிவு செய்தார்கள். விளைவு, வங்காளப் புத்தாண்டுக்கு மறுநாள், 2024 ஏப்ரல் 15 அன்று மும்பையை 2–1 என வென்று 48 புள்ளிகளோடு லீக் ஷீல்ட். மாற்றினார்கள், வென்றார்கள். இதற்கு என்ன பதில்?

யாரை மாற்றினார்கள் என்று பார்ப்பதுதான் பதில். பூமோஸும் கௌகோவும் நடுக்களத்தார். முன்களத்தில் பெட்ராடோஸ், ஜேசன் கம்மிங்ஸ், அல்பேனியாவின் அர்மாந்தோ சாதிகு மூவரும் அப்படியே இருந்தார்கள். கம்மிங்ஸுக்கும் சாதிகுவுக்கும் வசவு குறைவில்லை, ஆனாலும் கழகம் கைவிடவில்லை. ஏப்ரல் 15 ஆட்டத்தில் இரண்டாவது கோல் கம்மிங்ஸ். பந்தைக் கொண்டுவந்து தரும் இடத்தைச் சரிசெய்தார்கள். பந்தை உள்ளே தள்ளும் இடம் தானே சரியாயிற்று.

பெனால்டி விஷயத்திலும் இதே பொறுமையைக் காண்கிறோம். 2024 ஜனவரி 19 அன்று சூப்பர் கோப்பை டெர்பியில், அதாவது இந்த உள்ளூர் எதிரிகளின் மோதலில், பெட்ராடோஸ் பெனால்டியைத் தவறவிட்டார், அணி தோற்றது. மார்ச் 10 லீக் டெர்பியில் கிளெய்ட்டனின் பெனால்டியை மோகன் பகான் கோல்கீப்பர் விஷால் கைத் தடுத்தார். அதே ஆட்டத்தில் மோகன் பகானுக்குப் பெனால்டி கிடைத்தபோது பந்தைக் கையில் எடுத்தவர் மீண்டும் பெட்ராடோஸ்தான். கோல். ஆட்டம் 3–1. அப்பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே போயிற்று. ஜனவரி இரவில் ரசிகர் தீர்ப்பைக் கேட்டிருந்தால் அவர் இன்னொரு பெனால்டியை உதைத்திருக்கவே மாட்டார்.

4. எண்கள் சொல்வது

பெனால்டி என்பது சராசரியாக நான்கில் மூன்று கோலாகும் வாய்ப்பு. அந்தச் சராசரி உள்ள ஒருவர் ஐந்து முறை உதைத்தால் இரண்டோ அதற்கு மேலோ தவறவிடும் சாத்தியம் கணக்குப்படி ஏறக்குறைய 37 விழுக்காடு. அதாவது எந்தக் குறையும் இல்லாத உதைகாரர்களில் மூவருக்கு ஒருவருக்கு மேல் இந்த 'சரிவு' தானாகவே நேரும். ஆட்டத்துக்கு 0.4 கோல் என்ற நல்ல சராசரி கொண்ட முன்கள வீரர் குறிப்பிட்ட ஐந்து ஆட்டங்களில் ஒரு கோலும் போடாமல் இருக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்று. 24 ஆட்டப் பருவத்தில் அப்படி ஓர் ஐந்து வந்து சேராவிட்டால்தான் வியப்பு. ஐந்து ஆட்டம் என்றால் மைதானில் ஒரு மாதம், ஒரு மாதம் என்றால் பதவி விலகல் கோஷம்.

'கைராசி' என்று நாம் சொல்வதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சந்தேகித்து வருகிறார்கள். கிலோவிச், வலோன், த்வெர்ஸ்கி மூவரும் 1985இல் கூடைப்பந்தை வைத்து, தொடர் வெற்றி என்பது பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்றார்கள். மில்லரும் சன்குர்ஹோவும் 2018இல் அந்தக் கணக்கிலேயே ஒரு நுண்பிழையைக் காட்டி, ராசிக்குக் கொஞ்சம் உண்மை உண்டு என்றார்கள். ஆகவே ஃபார்ம் என்பதே பொய் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஐந்து ஆட்டத்தை வைத்து அதை அளக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

நெதர்லாந்தின் முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரையான பயிற்சியாளர் நீக்கங்களை ஆராய்ந்த பாஸ் தெர் வீல் கண்டதும் இதோடு சேர்கிறது. நீக்கத்துக்குப் பின் அணிகள் மீள்கின்றன. அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளும் அதே வேகத்தில் மீள்கின்றன. ஆழத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும் அடுத்த அடி மேலே. காய்ச்சல் இறங்கும் நாளில் கட்டிய தாயத்துக்குப் பேர் கிடைப்பது போல.

அமெரிக்கக் கால்பந்தில் உதைப்பதற்கென்றே தனி ஆள் உண்டு. அந்தத் தூய வடிவத்திலும் கதை இதுதான். 2019 ஜனவரி 6 அன்று சிகாகோ பேர்ஸின் கோடி பார்க்கி 43 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, குறுக்குச் சட்டத்தில் பட்டு வெளியே விழுந்தது. 16–15 தோல்வி. பார்க்கி நீக்கப்பட்டார். அதே 43 கஜத்தில் எட்டு உதைகாரர்களை வரிசையாக நிறுத்திச் சோதனை நடத்தினார்கள். கடைசியில் எடி பினேரோ வந்தார். முந்தைய ஆண்டு பார்க்கி 30இல் 23, புதியவர் 28இல் 23. உதைப்பவர் சற்றுத் தேறினார். அணியோ 12 வெற்றியிலிருந்து 8 வெற்றிக்கு இறங்கியது.

5. ஏன் மாற்றுகிறார்கள்?

பயன் இவ்வளவு ஐயத்துக்குரியது என்றால் அனுபவம் மிக்க நிர்வாகிகள் ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது, தவறும்கூட.

பெனால்டி பற்றிய ஆய்வொன்றே இதற்கு விளக்கம் தருகிறது. மிக்கேல் பார்-எலியும் கூட்டாளிகளும் 2007இல் 286 பெனால்டிகளை ஆராய்ந்தார்கள். பந்து ஏறக்குறைய 29 விழுக்காடு நடுவில்தான் வருகிறது. கோல்கீப்பர் நடுவில் அசையாமல் நின்றதோ ஆறு விழுக்காடு சொச்சம். நின்றால் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்றிருந்தும் பாய்கிறார்கள். பாய்ந்து தோற்றால் முயன்றான் என்பார்கள், நின்று தோற்றால் மரமாக நின்றான் என்பார்கள். மைதான் நிர்வாகியின் நிலையும் இதுதான். ஆளை மாற்றித் தோற்றவருக்குப் பெரும்பாலும் மன்னிப்பு உண்டு. பொறுத்திருந்து தோற்றவருக்கு இல்லை.

ஆனால் அந்த மன்னிப்புக்கும் உத்தரவாதம் இல்லை. 2025 அக்டோபர் 18 அன்று மோகன் பகானோடு நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்ட் இறுதியை நினைத்துப் பார்க்கலாம். 1–1 என்ற நிலையில், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், பெனால்டி மோதலுக்காக ஈஸ்ட் பெங்கால் தன் கோல்கீப்பர் பிரப்சுகன் கில்லை எடுத்துவிட்டு தேப்ஜித் மஜும்தாரை இறக்கியது. மோகன் பகான் 5–4 என வென்றது. தவறிய உதை ஜெய் குப்தாவுடையது. ஊரின் விவாதமோ கோல்கீப்பரை ஏன் மாற்றினார்கள் என்பதைச் சுற்றியே ஓடியது. கோல்கீப்பர் பயிற்சியாளர் சந்தீப் நந்தி அதன் தொடர்ச்சியாக விலகினார். மாற்றினாலும் பழி வரும் என்று இந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. இருந்தும் பழக்கம் விடவில்லை.

இரண்டாவது காரணம் சட்டப்படியானது. 2021–22 முதல் ஐ.எஸ்.எல். களத்தில் ஓர் அணிக்கு நான்கு வெளிநாட்டவர் மட்டுமே. அந்த நான்கில் ஒன்றை ஏறக்குறைய எல்லாக் கழகமும் ஒன்பதாம் எண்ணுக்கு ஒதுக்குகிறது. வெளிநாட்டவரின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு. எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகம் அது. இருபது வயது உள்ளூர்த் தடுப்பாட்டக்காரரைத் தேற்றப் பல ஆண்டு வேண்டும். முன்கள வீரரை மாற்ற ஒரு ஜனவரி போதும்.

6. அந்த இடத்துக்கு இந்தியர் யார்?

இந்தப் பழக்கத்தின் விலையைக் கழகத்தை விட நாடு அதிகம் கொடுக்கிறது என்பது என் முடிவு. நடு முன்களம் வெளிநாட்டவருக்கென்று ஆனபின் கோல் வாசனை உள்ள இந்திய இளைஞர்கள் ஓரக் களத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். சென்னையின் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பை டெர்பியில் ஒற்றைக் கோல் போட்டு, தொடர்ந்து எட்டு டெர்பி தோற்றிருந்த ஈஸ்ட் பெங்காலின் மானத்தைக் காத்தார். அடுத்த ஜனவரியில் சூப்பர் கோப்பை டெர்பியிலும் ஒரு கோல். ஆனால் அவர் ஆடும் இடம் ஓரம். மோகன் பகானின் லிஸ்டன் கொலாசோவும் மன்வீர் சிங்கும் அப்படியே. 1997–98 தேசிய லீகில் எஃப்.சி. கொச்சினுக்காக அதிகக் கோல் அடித்தவர் தமிழ்நாட்டின் ராமன் விஜயன். அப்படி ஒரு தமிழ்ப் பெயரை கோலடித்தவர் பட்டியலின் உச்சியில் இன்று கற்பனை செய்வது கடினம்.

போரியா மஜும்தாரும் கௌசிக் பந்தோபாத்யாயும் இந்தியக் கால்பந்து வரலாற்றுக்கு 2006இல் 'கோல்லெஸ்' என்று பெயர் வைத்தார்கள். கோலற்றது என்றும் இலக்கற்றது என்றும் அதைப் படிக்கலாம். அந்தப் புத்தகம் வந்து பதினெட்டு ஆண்டு கழித்து, 2024 ஜூன் 6 அன்று, சுனில் சேத்ரி இந்திய அணிக்கு விடை சொல்லக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தார். 2002இல் மோகன் பகானில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர். குவைத்துக்கு எதிரான அந்த ஆட்டம் 0–0. அவருக்குப் பதில் ஆள் தேடி ஒன்பது மாதம் போயிற்று. 2025 மார்ச்சில் நாற்பது வயதுச் சேத்ரியையே திரும்ப அழைத்தார்கள். அம்மாதம் 19ஆம் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவை இந்தியா 3–0 என வென்றது. முதல் கோல் தடுப்பாட்டக்காரர் ராகுல் பேக்கே. இரண்டாவது ஓரக் களத்தின் லிஸ்டன் கொலாசோ. மூன்றாவது சேத்ரி.